சந்தைக்கு வழி கேட்ட செல்வர்



வாணிபம் என்பது நிச்சயமில்லாத ஒன்றின் மீது கை வைப்பதாகும். வாங்கிய சரக்கு விலை போகுமா, போகாதா என்பதை வாங்குகின்ற வேளையில் எவரும் அறியார். அனுப்பிய பொருள் பத்திரமாகப் போய்ச் சேருமா, கடனாக வாங்கிச் சென்றவர் தவணையில் திருப்பித் தருவாரா, நாளை விலை ஏறுமா இறங்குமா என்பனவெல்லாம் மறைவான செய்திகள். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆகவே, வாணிபத்தில் கால் வைக்கும் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். நஷ்டம் வரக்கூடும் என்று தெரிந்திருந்தும் எந்த அளவுக்குத் துணியலாம்? எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும்?

இந்தக் கேள்விக்குச் சிலர் அச்சத்தைக் கொண்டு விடையளிக்கின்றனர். கைமுதலைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, வாழ்நாளெல்லாம் பிறர் தரும் கூலியையே எதிர்பார்த்திருக்கின்றனர். வேறு சிலர் பேராசையைக் கொண்டு விடையளிக்கின்றனர். மனைவியின் நகையையும் குடியிருக்கும் வீட்டையும் அடகு வைத்து, சில மாதங்களில் இரட்டிப்பாகும் என்று எவரோ சொன்ன சொல்லை நம்பி, கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொட்டுகின்றனர். பிறகு அதற்குத் தவக்குல் என்று பெயரும் சூட்டுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே நேரிய பாதை ஒன்று உண்டு. அப்பாதையில் நடந்து காட்டியவர்களுள் தலையாயவர், சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பெற்ற பதின்மருள் ஒருவரான ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் ஆவார்கள். அவர்களுடைய வாழ்வை வாணிபக் கண்ணோடு சற்றே நோக்குவோம்.

விட்டு வந்தவர்

யானை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்குப் பின்னர், குறைஷிகளின் பனூ ஸுஹ்ரா கிளையில் அவர்கள் பிறந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அன்னை ஆமினா பிறந்த கிளையும் அதுவேயாகும். அறியாமைக் காலத்தில் அவர்களுக்கு வழங்கிய பெயர் அப்து அம்ர் என்பதாகும். அப்துர் ரஹ்மான் என்னும் திருப்பெயர் இஸ்லாம் தந்த கொடை.

குறைஷிகள் வாணிபக் குலத்தினர். குளிர்காலத்தில் யமனுக்கும் கோடைகாலத்தில் ஷாம் நாட்டிற்கும் அவர்களுடைய ஒட்டகச் சாத்துகள் சென்று வந்தன. பாலையின் தாகமும் கொள்ளையர் பயமும் நிறைந்த அந்த நெடுவழியே மக்காவின் இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் அழைப்பை ஏற்று, மிகத் தொடக்கத்திலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்களுள் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களும் ஒருவர். அதனால் நேர்ந்த துன்பங்களினால் அபிசீனியாவுக்கு நாடு துறந்து சென்றார்கள். கி.பி. 622-ல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். மக்காவில் இருந்த உடைமைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்த அவர்கள், நாற்பது வயதைக் கடந்த நிலையில், அறியாத ஓர் ஊரில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவராக நின்றார்கள்.

பாதிச் செல்வமும் சந்தை வழியும்

மதீனாவில் முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள். அவர் அன்சாரிகளுள் பெருஞ்செல்வர். தம் செல்வத்தில் சரிபாதியை ஏற்றுக்கொள்ளுமாறு அவர் மனமுவந்து வேண்டினார். உலக வரலாற்றில் இதற்கு நிகரான விருந்தோம்பல் அரிதினும் அரிது.

வாசகர்களே, கையில் ஒன்றுமில்லாத ஒரு வணிகருக்கு முன்னே பாதிச் செல்வம் வந்து நிற்கிறது. வட்டியில்லை, தவணையில்லை, திருப்பித் தர வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை. அவர்கள் அதை ஏற்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள், ஸஃது (ரலி) அவர்களின் செல்வத்திலும் குடும்பத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டுமென்று துஆச் செய்துவிட்டு, வாணிபம் நடைபெறும் சந்தை இவ்வூரில் எங்கே இருக்கிறதென்று மட்டும் விசாரித்தார்கள். பனூ கைனுகா கூட்டத்தாரின் சந்தைக்கு வழி காட்டப்பட்டது. அன்று சந்தைக்குச் சென்றவர்கள் திரும்பும்போது கொஞ்சம் நெய்யும், உலர்த்திய பாலாடைக் கட்டியும் ஈட்டி வந்தார்கள். மறுநாளும் சென்றார்கள். அதற்கடுத்த நாளும் சென்றார்கள். புகாரீ ஷரீபில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

இதில் இரண்டு நுட்பங்களைக் கவனியுங்கள். முதலாவது, அவர்கள் பொருளைக் கேட்கவில்லை, வழியைக் கேட்டார்கள். கொடுக்கப்பட்ட பொருள் தீர்ந்து போகும். கற்றுக்கொண்ட வழி தீர்ந்து போகாது. இரண்டாவது, அவர்கள் கை வைத்த சரக்கைப் பாருங்கள். நெய்யும் பாலாடைக் கட்டியும் ஒவ்வொரு வீட்டிற்கும் அன்றாடம் தேவைப்படுபவை. சிறு அளவில் வாங்கிச் சிறு அளவில் விற்கத் தக்கவை. ஒரு நாள் வியாபாரம் பிழைத்துப் போனாலும், மறுநாள் எழுந்து நிற்க இயலாத அளவுக்கு அது ஒருவரை வீழ்த்திவிடாது. அறியாத ஊரில் அடியெடுத்து வைப்பவருக்கு இதைவிடத் தகுந்த தொடக்கம் வேறென்ன இருக்க முடியும்?

சின்னாட்கள் சென்றன. அவர்களுடைய மேனியில் மணப்பொருளின் மஞ்சள் சுவடு தென்படக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் காரணம் வினவினார்கள். அன்சாரிப் பெண்ணொருத்தியை மணம் முடித்திருப்பதாகவும், பேரீச்சங்கொட்டை எடையளவு பொன்னை மஹராகக் கொடுத்திருப்பதாகவும் அவர்கள் தெரிவித்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்து அளிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். வெறுங்கையுடன் வந்தவர், தம் உழைப்பினாலேயே மஹர் கொடுத்து மணமுடிக்கும் நிலையை எய்திவிட்டார்.

இழந்தபோது இருந்த நிலை

வாணிபத்தில் ஈட்டுவது எப்படியென்று சொல்பவர்கள் பலர். இழந்தால் எப்படி இருக்க வேண்டுமென்று சொல்பவர்கள் சிலரே.

மக்காவில் விட்டு வந்த உடைமைகளைக் காத்துக்கொள்ள அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். மக்காவில் தம்முடையதை உமையா இப்னு கலஃப் கவனித்துக்கொள்வது, மதீனாவில் அவனுடையதைத் தாம் கவனித்துக்கொள்வது என்று இருவருக்குமிடையே எழுத்து மூலமான உடன்படிக்கை இருந்தது. ரஹ்மான் என்னும் பெயரை அவன் ஏற்க மறுத்ததால், பழைய பெயரே அதில் எழுதப்பட்டது. கொள்கையில் பகைவனாக இருப்பவனோடும் உலகியல் கொடுக்கல் வாங்கலை ஒழுங்காக எழுதிக்கொள்ளலாம் என்பதற்கு இது சான்று. வெறும் வாய்ச்சொல்லை நம்பிப் பங்காளிகளாகிப் பின்னர் முகம் முறித்துக்கொள்ளும் உறவினர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

கி.பி. 624-ல் பத்ரு யுத்தம் நடைபெற்றது. போர் முடியும் தறுவாயில், தமக்குக் கிடைத்த போர்க் கவசங்களைச் சுமந்து வந்த அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள், உமையாவையும் அவன் மகனையும் கண்டு, கவசங்களைக் கீழே போட்டுவிட்டு அவ்விருவரையும் கைதிகளாக அழைத்து வந்தார்கள். மக்காவில் அந்த உமையாவிடம் சுடுமணலில் வதைபட்ட பிலால் (ரலி) அவர்கள் இதைக் கண்டுவிட்டார்கள். அன்சாரிகள் சூழ்ந்துகொண்டனர். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் தடுத்தும் இயலவில்லை. அவர்களின் காலிலும் வாள் பட்டது. கவசங்களும் போயின, கைதிகளும் போயினர். பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லும்போதெல்லாம், பிலாலுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும் என்னும் துஆவோடுதான் அவர்கள் தம் இழப்பைக் குறிப்பிட்டார்கள். நஷ்டத்துக்குக் காரணமானவர் மீது பகைமை வளர்க்காத நெஞ்சம் அது. அடுத்த ஆண்டு உஹதுப் போரில் அவர்கள் உடலில் இருபதுக்கும் மேற்பட்ட காயங்கள் ஏற்பட்டன. காலில் பட்ட காயத்தினால் பின்னர் நொண்டி நடக்கும்படி ஆயிற்று. பாதிச் செல்வத்தை வழங்க முன்வந்த ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் அந்தப் போரில்தான் ஷஹீதானார்கள்.

மூன்று பழக்கங்கள்

செல்வம் பெருகியதன் காரணத்தை அவர்களிடம் வினவியபோது மூன்று செய்திகளைக் கூறினார்களென இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகின்றார்கள். வந்த இலாபம் எவ்வளவு சிறியதாயினும் அவர்கள் அதைத் தள்ளியதில்லை. ஒரு கால்நடையை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தால், விற்பதைத் தாமதப்படுத்தியதில்லை. கடனுக்கு விற்றதில்லை.

மூன்றும் எளிய சொற்கள்தாம். ஆனால் ஆழ்ந்து நோக்குங்கள். கால்நடை என்பது நாள்தோறும் தீனி கேட்கும் சரக்கு, நோயுறக் கூடியது, இறந்துபோகவும் கூடியது. அதை இன்னும் கூடுதல் விலை வருமென்று கட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அபாயம் வளர்கிறது. சிறு இலாபத்தில் விரைந்து விற்பவர் அந்த அபாயத்திலிருந்து விரைந்து வெளியேறிவிடுகிறார். கடனுக்கு விற்பது மார்க்கத்தில் ஆகுமானதே. ஆயினும் அதனால் சரக்கும் பணமும் ஒருங்கே பிறர் கையில் சிக்கிவிடுகின்றன. அவர்கள் ஆகுமானதையும்கூடத் தம் வாணிபத்தின் நலங்கருதித் தவிர்த்தார்கள்.

ஒருமுறை 1,000 ஒட்டகங்களை வாங்கிய விலைக்கே விற்றுவிட்டார்கள் என்றும், அவற்றைக் கட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றும் ஒரு திர்ஹமாக விற்றதில் 1,000 திர்ஹமும், அன்றைய தீனிச் செலவு மிச்சமானதில் இன்னுமொரு 1,000 திர்ஹமும் இலாபமாகக் கிடைத்தன என்றும் அதே நூலில் சொல்லப்படுகிறது. பிறர் கண்ணுக்கு இலாபமேயில்லாத வியாபாரம். அவர்கள் கண்ணுக்கு இருமடங்கு இலாபம்!

ஒரு குதிரையின் கதை

வாணிபத் திறமையில் அவர்களுக்கு நிகராக மதீனாவில் விளங்கியவர்கள் ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள். இவ்விருவரும் தங்களுக்குள் ஒரு வியாபாரம் செய்துகொண்டால், எவர் வல்லவர் என்பதைப் பார்த்துவிடலாமே என்று தோழர்கள் ஆவல் கொண்டிருந்தனர் என்று ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

அந்த நாளும் வந்தது. வேறோர் ஊரில் இருந்த உஸ்மான் (ரலி) அவர்களின் குதிரையொன்றை 40,000 திர்ஹம் அல்லது அதையொட்டிய விலைக்கு அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் வாங்கினார்கள். வியாபாரம் முடியும் அந்நேரத்தில் குதிரை நலமுடன் இருந்திருக்க வேண்டுமென்பது நிபந்தனை. பேசி முடித்துச் சிறிது தூரம் நடந்தவர்கள், நின்றார்கள், திரும்பி வந்தார்கள். தம் ஆள் போய்ப் பார்க்கும்போது குதிரை நலமுடன் இருந்தால் மேலும் 6,000 திர்ஹம் தருவதாகக் கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்களும் இசைந்தார்கள். ஆள் போய்ப் பார்த்தபோது குதிரை இறந்து கிடந்தது. பின்னர் சேர்த்த அந்த நிபந்தனையினால், அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் நஷ்டத்திலிருந்து விடுபட்டார்கள்.

வாசகர்களே, நடந்து சென்றவர்களைத் திரும்பி வரச் செய்தது எது? காணாத பொருளின் மீது கண்ணை மூடிக்கொண்டு துணிய மறுத்த அறிவே அது. அதே வேளையில், நஷ்ட பயத்தை மறைவாக மற்றவர் தலையில் தள்ளிவிடவும் அவர்கள் முற்படவில்லை. பொறுப்பு இன்னாருடையது என்பதை முகத்துக்கு முகம் பேசி, அதற்கொரு விலையும் கூறி, இருதரப்பும் இசைந்த பின்னரே அகன்றார்கள். இது வஞ்சகம் அன்று, விவேகம்.

நஷ்டத்தைச் சுமப்பவருக்கே இலாபம்

ஒரு பொருளின் ஆதாயம் அதன் நஷ்டப் பொறுப்பை ஏற்பவருக்கே உரியது என்பதும், பொறுப்பேற்காத ஒன்றில் இலாபம் அடைவது தகாது என்பதும் ஹதீஸ்களிலிருந்து நாம் அறியும் சட்டங்கள். வட்டி ஏன் விலக்கப்பட்டது என்பதற்குரிய நியாயங்களுள் ஒன்று இங்கே விளங்கும். வட்டிக்குக் கொடுப்பவன், வாங்கியவன் வாழ்ந்தாலும் வீழ்ந்தாலும் தன் ஆதாயத்தை மட்டும் உறுதி செய்துகொள்கிறான். சூதாடுபவனோ, எந்தத் தேவையையும் நிறைவேற்றாத ஓர் அபாயத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு அதில் விழுகிறான். வாணிபம் இவ்விரண்டுக்கும் வேறானது. அதில் உள்ள அபாயம் உண்மையானது. அதைச் சுமந்து செல்பவன் மக்களுடைய தேவையொன்றை நிறைவேற்றுகிறான்.

முளாரபா என்னும் கூட்டு வாணிபமும் இந்த அடிப்படையில் அமைந்ததே. ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபம் வந்தால் பேசியபடி பகிர்கின்றனர். நஷ்டம் வந்தால் முதல் போட்டவர் பணத்தை இழக்கிறார். உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். இன்று கைப்பேசியில் விளையாட்டென்ற பெயரில் ஆடப்படும் சூதையும், மாதந்தோறும் குறித்த ஆதாயம் உறுதியென்று ஆசை காட்டும் திட்டங்களையும் இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். பொன்னா, பித்தளையா என்பது உடனே தெரிந்துவிடும்.

ஸர்க்கில் ஒரு தீர்வு

ஹிஜ்ரி 18-ம் ஆண்டையொட்டி (கி.பி. 639) ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியது. அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு ஸர்க் என்னும் இடத்தில் இச்செய்தி எட்டியது. மேலே செல்வதா, திரும்புவதா? முஹாஜிர்களிடையே கருத்து வேறுபாடு, அன்சாரிகளிடையேயும் அவ்வாறே. குறைஷி மூத்தோர்கள் மட்டும் ஒருமுகமாகத் திரும்பிவிடுமாறு கூறினர். கலீஃபா திரும்ப முடிவெடுத்தபோது, இது அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதாகாதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்வதாகக் கலீஃபா விளக்கினார்கள்.

வேறு வேலையாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அப்போது வந்து சேர்ந்தார்கள். கொள்ளைநோய் பரவியுள்ள ஊருக்குள் செல்ல வேண்டாமென்றும், இருக்கும் ஊரில் அது பரவினால் அதற்கஞ்சி வெளியேற வேண்டாமென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

தவக்குல் என்றால் என்னவென்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு போதித்த மார்க்கம் நம்முடையது. கட்டாமல் விட்டுவிட்டு, காணாமல் போனபின் விதியைப் பழிப்பது அந்த மார்க்கத்தைச் சேர்ந்ததன்று.

அவர்கள் அஞ்சிய அபாயம்

இத்துணை விவேகத்துடன் செல்வத்தைக் காத்தவர்கள், அல்லாஹ்வின் பாதை என்று வந்தபோது கணக்குப் பார்க்கவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்திலேயே தம் செல்வத்தில் பாதியை ஈந்தார்கள். பின்னர் ஆயிரம் ஆயிரமாக ஈந்தார்கள். போருக்கு நூற்றுக்கணக்கான குதிரைகளையும் ஒட்டகங்களையும் வழங்கினார்கள். உஸ்மான் (ரலி) அவர்களுக்கு நிலமொன்றை 40,000 தீனாருக்கு விற்று, அத்தொகை முழுவதையும் தம் கிளையாருக்கும் ஏழைகளுக்கும் முஃமின்களின் அன்னையருக்கும் பங்கிட்டு விட்டார்கள்.

அவர்கள் சுவர்க்கத்தில் தவழ்ந்து நுழைவார்களென்று மேடைகளில் சொல்லப்படும் செய்தியை நீங்கள் கேட்டிருக்கலாம். ஹதீஸ்கலை அறிஞர்கள் அதைப் பலமானதாக ஏற்கவில்லை. ஆனால் செல்வம் தம்மை அழித்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சியது உண்மை. அந்த அச்சத்தை அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் முறையிட்டபோது, தர்மம் செய்யுமாறு அன்னையார் அறிவுறுத்தினார்கள். ஒருநாள் நோன்பு திறக்க உணவு வைக்கப்பட்டது. உஹதில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களுக்கு, தலையை மூடினால் காலும் காலை மூடினால் தலையும் வெளிப்படும் சிறு போர்வையே கஃபனாகக் கிடைத்ததை நினைத்தார்கள். தமது நன்மைகளுக்குரிய கூலி இவ்வுலகிலேயே தரப்பட்டுவிட்டதோ என்று கலங்கி அழுதார்கள், உணவைத் தொடவில்லை. சரக்கு நஷ்டமாவதற்கு அஞ்சாத வணிகர், ஆகிரத்தின் நஷ்டத்துக்கு இவ்வாறு அஞ்சினார்கள்.

கி.பி. 644-ல் உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் அறுவர் குழுவை நியமித்தபோது, கலீஃபா ஆகும் உரிமையைத் தாமே விட்டுக்கொடுத்துவிட்டு, இரவுகளில் உறங்காது மக்களின் கருத்தை அறிந்து, உஸ்மான் (ரலி) அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தமக்கென எதையும் எதிர்பாராதவரிடமே சமுதாயம் தீர்ப்பை ஒப்படைத்தது.

ஹிஜ்ரி 32-ல், எழுபது வயதைக் கடந்த நிலையில் மறைந்து, ஜன்னத்துல் பகீஃயில் அடக்கமானார்கள். அல்லாஹ்வின் பாதையில் 50,000 தீனார்களையும், பத்ரில் கலந்துகொண்டு அப்போது உயிருடனிருந்த தோழர்களுக்குத் தலைக்கு 400 தீனார்களையும் வஸிய்யத் செய்திருந்தார்கள். 1,000 ஒட்டகங்களும் 3,000 ஆடுகளும் 100 குதிரைகளும் விட்டுச் சென்றதாக இப்னு ஸஃது (ரஹ்) அவர்கள் எழுதுகின்றார்கள். அவர்கள் தரும் மற்றொரு செய்தி இல்லத்தரசிகள் மனத்தில் பதிக்கத் தக்கது. ஜுர்ஃப் என்னுமிடத்தில் 20 ஒட்டகங்களைக் கொண்டு நீர் இறைத்து, அவர்கள் பயிர் செய்து வந்தார்கள். குடும்பத்தின் ஓராண்டு உணவு அந்த நிலத்திலிருந்தே வந்தது. நெடுவழிகளில் அவர்களுடைய சரக்குகள் எந்த அபாயத்தில் இருந்தாலும், வீட்டின் அடுப்பு அந்த அபாயத்தில் இல்லை!

வாசகர்களே, தொழில் தொடங்க விரும்பும் மகன் உங்கள் வீட்டில் இருந்தால் அவனைத் தடுக்காதீர்கள். ஆனால் கைப்பணத்தைக் கொடுக்கும் முன்னர் அவனிடம் சிலவற்றைக் கேளுங்கள். சந்தைக்கு வழி விசாரித்துவிட்டாயா? இது முழுவதும் போய்விட்டால் மறுநாள் எழுந்து நிற்பாயா? பங்காளியோடு பேசியதை எழுதிக்கொண்டாயா? வீட்டின் சோற்றை இதில் பணயம் வைக்கவில்லையே? வட்டியின் வாடை இதில் இல்லையே? இவற்றுக்கு நேரிய விடை கிடைக்குமானால், பிஸ்மில்லாஹ் சொல்லி அனுப்பி வையுங்கள். இலாபம் வந்தால் ஏழையின் பங்கை முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நஷ்டம் வந்தால், நெய்யும் பாலாடைக் கட்டியும் கொண்டு மறுபடியும் தொடங்கலாம் என்று தைரியம் கூறுங்கள்.

ஹலாலான வழியில் துணிந்து உழைத்து, அளவறிந்து நின்று, அள்ளிக் கொடுத்து வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.